கையெழுத்து

2025 ஆகஸ்ட் மாதத்தில், உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து பதிவு செய்துகொண்ட ஒரு வழக்கைப் பற்றி நாளேட்டில் படித்தேன். இராணுவப் பயிற்சிக் கழகங்களில் பயிற்சி பெறும்போது அடிபட்டு, உடல் ஊனத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களைப் பற்றிய வழக்கு அது. 1985 முதல் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்றது செய்தி. பயிற்சி முடிந்து தோளில் நட்சத்திரம் ஏறும்வரை அவர்கள் அதிகாரிகள் அல்லர். எனவே முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும், அத்தகுதியோடு வரும் ஓய்வூதியமும் அவர்களுக்கு இல்லை. நாட்டுக்காகச் சாகப் பயிற்சி பெற்றவன் சாவதற்கு முன்பே கால் ஒடிந்துபோனால் அவன் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் சரியான சொல் இல்லாமல் இருந்திருக்கிறது. வழக்கை எடுத்துக்கொண்ட அமர்வில் இருந்தவர்கள் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் ஆர். மகாதேவனும்.

நாகரத்னா என்ற பெயரைக் கண்டதும் நான் எழுந்துபோய்ப் பழைய கோப்பு ஒன்றைத் தேடினேன். அவருடைய தந்தை ஈ.எஸ். வெங்கடராமையா 1989இல் இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1984 ஜனவரி 24 அன்று, அவர் எழுதிய தீர்ப்பொன்றின் ஒளிநகல் என்னிடம் இருக்கிறது. அதுவும் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞனைப் பற்றியதுதான். மடிப்புகளில் எழுத்து மங்கிவிட்டது. இரண்டு நகல்கள் எடுத்தேன். ஒன்றை ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுத்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்பு சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் 1994இல் இரண்டாம் நிலைக் காவலனாகத் தேர்வு பெற்று ஒரு காவலர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பழைய ஓட்டுக் கட்டடங்கள். ஒரு பாரக்கில் நாற்பது பேர். தகரப் பெட்டி, கொசுவலை, இரண்டு காக்கி உடுப்பு, பூட்ஸ், பெல்ட், லத்தி, தண்ணீர்க் குடுவை என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். முதல் மாதச் சம்பளத்தில் மெஸ் கட்டணம் போக மிச்சம் கைக்கு வந்தபோது, நாம் அரசு ஊழியராகிவிட்டோம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. ஆனால் கவாத்து மைதானத்தில் நாங்கள் வேறு. அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கவாத்து போதகர் 'ரெக்ரூட்டு' என்று அழைக்கும்போது அந்தச் சொல்லில் ஊழியன் என்ற பொருள் சிறிதும் இராது.

இந்த இரண்டில் எது உண்மை? காக்கி அணிந்தும் காவலனாகாத இந்த மாதங்களில் ஒருவன் சட்டத்தின் கண்ணில் யார்? இருபது வயதில் இக்கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றியவன் எங்கள் பாரக்கில் ஒருவன் இருந்தான். எங்களைவிட நான்கு வயது மூத்தவன். ஊரில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து வந்தவன். ஆகவே எல்லோருக்கும் அவன் 'வாத்தியார்'. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையும் மாலை வகுப்புகளில் நடத்துவார்கள். விடியலில் ஓடிய உடம்பு மாலையில் தூங்கும். இரவு உணவுக்குப் பிறகு வாத்தியார் பாரக் வராந்தாவில் உட்கார்ந்து மறுபடியும் சொல்லிக்கொடுப்பான். (அந்த மூன்று சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் வழக்கொழிந்து புதிய சட்டங்கள் வந்துவிட்டன. எங்கள் தலைமுறைக் காவலர்களின் மனப்பாடம் முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசானது தனியே எழுத வேண்டிய நகைச்சுவை.) நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவை அவன் விளக்கியது நினைவிருக்கிறது. ஒருவனைப் பிடித்தால், ஏன் பிடித்தோம் என்று அவனிடம் சொல்லியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆம் உறுப்பும் அதையே சொல்கிறது. "கழுத்தறுத்தவனா இருந்தாலும் காரணத்தைச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும். ஏன்னா அவன் மறுத்துப் பேசறதுக்கு ஒரு பிடி வேணும்ல?" என்றான் வாத்தியார்.

அந்த நவம்பரில் நல்ல மழை. ஒருநாள் இரவு ரோல்காலில் மலையூர்ப் பையன் ஒருவன் தன் எண்ணுக்குக் குரல் கொடுக்கத் தாமதித்தான். ஈரத் தரையில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருளச் சொன்னார்கள். திரும்பி வந்தவனுக்கு இரவே காய்ச்சல் கண்டது. விடிவதற்கு முன்பு மூன்று முறை வாந்தி எடுத்தான். உடம்பு தூக்கிப்போட்டது. முதலுதவி அறை பூட்டியிருந்தது. ஒருவன் வாயிற்காவலிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தான். வண்டி வரும் என்றார்கள். கொட்டும் மழையில் எல்லோரும் பூட்ஸ் போட்டுத் தயாராக நின்றோம். அப்போது வாத்தியார் சொன்னான்: "இவனை இப்படியே விட்டுட்டுப் போக வேணாம்டா. வண்டி வரட்டும், ஏத்திட்டுப் போவோம். எல்லாரும் நின்னா ஒருத்தனை மட்டும் கேக்க மாட்டாங்க."

எல்லோரும் நின்றோம். வண்டி வந்தது, ஏற்றினோம், மைதானத்துக்குப் போனோம். நாற்பது பேர் அணிவகுப்புக்குத் தாமதம். எத்தனை நிமிடம் என்பது பின்னால் வரும்.

அன்றே எல்லோரிடமும் எழுத்து விளக்கம் கேட்டார்கள். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். தமிழும் பிழையில்லாமல் எழுதுவேன். எழுதத் தடுமாறுகிறவர்கள் என்னிடம் வந்தார்கள். பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் ரைட்டராக இருந்த தலைமைக் காவலர் என்னை அழைத்து உட்கார வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "காய்ச்சல் கதையெல்லாம் இதுல எழுதாதே, அது மெடிக்கல் விஷயம், தனியா போவும். தாமதத்துக்கு யார் காரணமோ அதை மட்டும் எழுது. இன்னார் போக வேண்டாம்னு சொன்னார், அதனால நின்னோம். உண்மைதானே?" என்றார்.

உண்மைதான். அந்த வரியில் பொய் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அதைப் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை என் விளக்கத்தில் எழுதினேன். பிறகு மற்றவர்களுக்காகப் பதினொரு விளக்கங்களில் எழுதினேன். கீழே அவர்கள் ஒப்பமிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வாத்தியாருக்கு ஆணை வந்தது. பயிற்சிக்குத் தகுதியற்றவராகக் கருதப்படுவதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று இரண்டே வரி. மழை, காய்ச்சல், விளக்கம் எதுவும் அதில் இல்லை. 'தூண்டிவிட்டார்' என்றுகூட இல்லை. கொடுத்த பொருள்களை எல்லாம் பதிவேட்டைப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர்க் குடுவையின் மூடி காணவில்லை. அதற்கு விலை பிடித்துக்கொண்டார்கள். நான் வராந்தாவில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். என் தோளையும் தட்டினான். நான் நிமிர்ந்து பார்த்தேனா என்பது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆறு ஆண்டுகள் காவலனாக இருந்துவிட்டு, முழங்கால் கெட்ட பின், தேர்வெழுதி நீதித்துறையில் தட்டச்சரானேன். நீதிமன்ற நூலகத்தில் ஏ.ஐ.ஆர். தொகுதிகளைத் தூசி தட்டி அடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. 2001இல் ஒருநாள் 1984ஆம் ஆண்டுத் தொகுதியில், உச்சநீதிமன்றப் பகுதியின் 636ஆம் பக்கத்தில், 'மழை' என்ற சொல் கண்ணில் பட்டது. சட்டத் தொகுதிகளில் மழை அடிக்கடி பெய்வதில்லை. நின்று படித்தேன்.

அனூப் ஜெய்ஸ்வால் எதிர் இந்திய அரசு. ஜெய்ஸ்வால் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகி, ஹைதராபாத்தில் உள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். 1981 ஜூன் 22 அன்று காலை 5.50 மணிக்குப் பயிற்சியாளர்கள் மைதானத்தில் இருக்க வேண்டும். மழை பெய்தது. அனைவருமே தாமதமாக வந்தார்கள். 22 நிமிடம். கழகத்தின் இயக்குநர் அனைவரிடமும் விளக்கம் கேட்டார். ஜெய்ஸ்வால் தூண்டிவிட்டவர்களுள் ஒருவர் என்று கருதப்பட்டார். தாமதத்துக்கு வருந்துவதாகவும் தூண்டியதாகச் சொல்வது சரியன்று என்றும் அவர் எழுதிக்கொடுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசினார்கள். முறையான விசாரணை எதுவும் இல்லை. அவரை விடுவிக்கலாம் என்று இயக்குநர் பரிந்துரைத்தார். நவம்பர் 9 அன்று ஆணை வந்தது. பணிக்குப் பொருத்தமற்றவர், விடுவிக்கப்படுகிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். முன்சீப் நீதிமன்றத்து டவாலி வந்து இரண்டு முறை கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார்.

நீதிமன்றம் எதிர்கொண்ட சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசியல் சாசனத்தின் 311ஆம் உறுப்பு, அரசுப் பணியாளர் ஒருவரைக் குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரித்து, மறுமொழி சொல்ல வாய்ப்பளிக்காமல் தண்டனையாக வெளியேற்றக் கூடாது என்கிறது. பயிற்சியில் இருப்பவருக்கு இது உண்டா என்றால், உண்டு. பர்சோத்தம் லால் திங்ரா வழக்கில் 1957 நவம்பரிலேயே உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தகுதிகாண் பருவத்தினர் என்ற வேறுபாடு அந்தப் பாதுகாப்புக்குக் கிடையாது. ஆக, கவாத்து மைதானத்தில் உருளும் ரெக்ரூட்டும் அந்தக் குடையின் கீழ்தான் உருளுகிறான். இராணுவப் பயிற்சிக் கழகத்து மாணவனுக்கும் காவல் பயிற்சிப் பள்ளி இளைஞனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. முன்னவன் இனிமேல்தான் ஆகப்போகிறவன். பின்னவன் நியமனம் பெற்று, சம்பளம் வாங்கி, ஏற்கெனவே ஆகிவிட்டவன்.

ஆனால் அதே திங்ரா தீர்ப்பு மறு கையால் ஒன்றை எடுத்தும்கொண்டது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு அந்தப் பதவியின் மீது உரிமை இல்லை. 'இவர் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்' என்று கருதி விடுவித்தால் அது தண்டனை ஆகாது. தண்டனை ஆகாததால் விசாரணையும் வேண்டியதில்லை. 'இவர் இன்ன தவறு செய்தார்' என்பது அடித்தளமாக இருந்தால் மட்டுமே தண்டனை. தவறு வெறும் தூண்டுகோலா, அடித்தளமா? இந்த ஒரு மயிரிழையைப் பிளந்து பிளந்து எழுதப்பட்ட தீர்ப்புகளை அடுக்கினால் எங்கள் நூலகத்தில் தனி அலமாரி வேண்டியிருக்கும். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, ஆணையின் வடிவத்தைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் பொருளைப் பார் என்றார்கள். அந்த வழக்கில் வெளியேற்றப்பட்டவர்கள் தகுதிகாண் பருவத்தில் இருந்த பஞ்சாப் நீதித்துறை அலுவலர்கள் என்பது கூடுதல் சுவை. நீதிபதிகளுக்கும் நியாயம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

வெங்கடராமையா செய்தது ஒரு திரையை விலக்கியதுதான். ஆணை சாதுவாக இருக்கிறது. ஆனால் அது தனியே நிற்கவில்லை, இயக்குநரின் பரிந்துரையின் மேல் நிற்கிறது. ஆணையை அந்தப் பரிந்துரையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். படித்தால், அந்த மழைநாள் காலையில் நடந்ததே அடித்தளம் என்பது தெரிகிறது. தூண்டியவர்கள் என்று கருதப்பட்ட மற்றவர்கள் பணியில் தொடர, இவர் ஒருவர் மட்டும் வெளியே போயிருக்கிறார். எனவே இது விசாரணையின்றி அளித்த தண்டனை, செல்லாது, பழைய மூப்போடு திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு முடிகிறது. ஜெய்ஸ்வால் பின்னர் தமிழ்நாட்டுக் காவல் துறையிலேயே நெடுங்காலம் உயர் பொறுப்புகளில் இருந்தார். எங்கள் மழையும் பெய்துகொண்டிருந்த 1994இல், அதே மாநிலத்தில், மழைக்குத் தாமதமாகி வழக்காடி வென்ற ஓர் அதிகாரி பணியில் இருந்திருக்கிறார். எங்கள் பயிற்சிப் பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

தட்டச்சராக இருந்த காலத்தில் இந்த வகை ஆணைகள் பலவற்றை வழக்குக் கட்டுகளில் பார்த்துவிட்டேன். அதனால் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. காரணம் எழுதினால் அது தண்டனை, விசாரணை வேண்டும். எழுதாவிட்டால் வெறும் விடுவிப்பு, ஒன்றும் வேண்டாம். இப்படி ஒரு சட்டத்தை வைத்தால் நிர்வாகம் என்ன கற்றுக்கொள்ளும்? குறைவாக எழுதக் கற்றுக்கொள்ளும். அந்த இரண்டு வரி ஆணையின் துப்புரவான மொழி, தீர்ப்புகளைப் படித்த யாரோ ஒருவர் செதுக்கியது. களங்கம் ஏதும் சுமத்தாத ஆணை என்று அதைச் சட்டம் பாராட்டும். ஆனால் ஊர் அப்படிப் படிப்பதில்லை. போலீசுக்குப் போன பையன் பாதியில் திரும்பி வந்தால், காரணம் எழுதப்படாத காகிதத்தில் ஊர் தனக்குப் பிடித்த காரணத்தை எழுதிக்கொள்ளும். திருடினான் என்று ஒரு தெரு சொல்லும், பொம்பளை விவகாரம் என்று அடுத்த தெரு சொல்லும். 'அணிவகுப்புக்குத் தாமதமாக வரத் தூண்டினார்' என்று எழுதியிருந்தால் அதை அவன் நாலு பேரிடம் காட்டியிருக்கலாம். மறுத்துப் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

பயிற்சியில் வடிகட்டல் கூடாது என்பவன் அல்லன் நான். கையில் லத்தியும் துப்பாக்கியும் கொடுத்து, பிறர் கதவைத் தட்டும் அதிகாரத்தையும் கொடுப்பதற்கு முன்பு ஒருவனை மாதக்கணக்கில் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். தேர்வில் தொடர்ந்து தோற்பவனை, ஆத்திரத்தை அடக்கத் தெரியாதவனை அனுப்பிவிடுவதில் தவறில்லை. அதைச் சொல்லி அனுப்புவதில் என்ன தடை என்பதே கேள்வி. முழுப் பணியாளனாகிவிட்ட காவலனுக்கு 1955ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. '3 ஏ', '3 பி' என்று காவலர்கள் திருக்குறள் எண் போலச் சொல்லுவார்கள். சிறு தண்டனைக்கு ஒன்று, பெருந்தண்டனைக்கு ஒன்று. 3 பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பு, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் வந்தாக வேண்டும். வாத்தியாருக்கு அப்படி ஒரு விசாரணை நடந்திருந்தால் நான் சாட்சியாக நின்றிருப்பேன். அவன் என்னைக் கேள்வி கேட்டிருப்பான். 'வண்டி எதற்காக வந்தது?' என்ற ஒரே ஒரு கேள்வி போதும்.

கட்டுப்பாடுகள் மட்டும் பயிற்சிக்காரனுக்கும் முழுமையாக வந்துவிடுகின்றன. காவல் படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியல் சாசனத்தின் 33ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. அதன்படி 1966இல் வந்த சட்டம், நியமனம் பெற்ற எவரும் அனுமதியின்றிச் சங்கம் சேரக் கூடாது, பத்திரிகைக்கு எழுதக் கூடாது என்கிறது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. எழுதுவது முற்றிலும் இலக்கியத் தன்மையோ கலைத் தன்மையோ அறிவியல் தன்மையோ உடையதாக இருந்தால் தடையில்லை. காவலனாக இருந்த ஆறு ஆண்டுகளும் நான் இந்த விதிவிலக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். மழைநாளைச் சிறுகதையாக எழுதிச் சிற்றிதழ் ஒன்றுக்கு அனுப்ப நினைத்தேன். எந்த அளவுக்கு உண்மை கலந்தால் அது 'முற்றிலும் இலக்கியம்' என்ற தகுதியை இழக்கும்? விமர்சகர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வியை ஒரு காவல் கண்காணிப்பாளர் என் விஷயத்தில் முடிவு செய்வார் என்ற அச்சத்தில் அந்தக் கதையை எழுதவே இல்லை. அச்சம் ஒரு சாக்கு என்பதும் தெரிந்தே இருந்தது.

இலக்கியம் சட்டத்துக்குள் நேராகவே நுழைந்த ஒரு தருணமும் உண்டு. வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஓர் இளைஞனுக்காக அது நடந்தது. டெல்லிக் காவல் துறைக்கு விண்ணப்பித்த சந்தீப் குமார், இருபது வயதில் தன் மீதிருந்து பின்னர் சமரசமாகி முடிந்த ஓர் அடிதடி வழக்கைப் படிவத்தில் மறைத்துவிட்டார். 2011இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளமையின் பிழைகளை மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, ரொட்டித் திருடனாக வாழ்நாளெல்லாம் முத்திரை சுமந்த ஜீன் வால்ஜீனைத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த அதே விக்டர் ஹியூகோ நாவல். மறைத்தவர்களை எப்போது மன்னிக்கலாம், எப்போது கூடாது என்பதை 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் வகுத்துச் சொன்னார்கள். வால்ஜீனைத் துரத்தும் ழாவேரும் ஒரு போலீஸ்காரர்தான் என்பதை நான் அந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் முதன்முறையாக யோசித்தேன்.

2001க்குத் திரும்புகிறேன். ஒளிநகலை எடுத்துக்கொண்டு வாத்தியாரின் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, ஏரிக்கரையில் நடக்க வேண்டும். வழியில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். அந்நாளில் மாநில அரசு ஊழியர் வழக்குகளை விசாரித்தது தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம், பின்னாளில் கலைக்கப்பட்டது. அங்கே ஓராண்டுக்குள் போயிருக்க வேண்டும். ஏழாண்டு ஆகிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். தாமதத்துக்கு என்ன காரணம் காட்டுவது? 'இப்படி ஒரு தீர்ப்பு இருப்பது தெரியாது' என்பதை எந்த நீதிமன்றமும் காரணமாக ஏற்காது. ஆகவே நான் எடுத்துக்கொண்டு போனது அவனுக்கு எந்த வகையிலும் பயன்படாத ஒரு காகிதம். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம்கூட ஆகவில்லை.

"வாடா. உடம்பு வச்சிட்ட. டிபார்ட்மென்ட்லதான் இருக்கியா?"

"இல்ல வாத்தியாரே. கோர்ட்ல டைப்பிஸ்ட்."

"கையெழுத்து நல்லா இருக்கும் உனக்கு. மெஷின்ல அது எங்க தெரியப்போகுது" என்று சிரித்தான். அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். "எங்க ட்ரெயினிங்ல இருந்தவன்" என்றான். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் பயிற்சியைப் பற்றி எந்த அளவுக்குப் பேசப்பட்டிருக்கிறது என்பதை அந்தத் தலையசைப்பிலிருந்து கண்டுகொள்ள முயன்றேன், முடியவில்லை.

நகலைக் கொடுத்தேன். ஆங்கிலம்தான். அவன் நிதானமாகப் படித்தான். நடுவில் ஒரு பெண்பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்க வந்தது. கேட்டுத் திருத்திவிட்டு மறுபடி படித்தான். ஒரு பத்தியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"22 நிமிஷமா இவங்க?"

"ஆமா."

"நாம எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"நாற்பது. நான் வாட்ச் பார்த்தேன்." மீண்டும் குனிந்து படித்தான். "இவருக்காவது ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க."

வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டதை நான் சொன்னேன். தெரியும் என்றான். முதல் வருடமே டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தானாம். அவர் கேட்ட கட்டணம் வீட்டில் இல்லை. அப்பா கடன் வாங்கலாம் என்றாராம், இவன் வேண்டாம் என்றிருக்கிறான். மலையூர்ப் பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். நன்றாக இருக்கிறான், தலைமைக் காவலன் ஆகப்போகிறான் என்றேன். உண்மையாகவே மகிழ்ந்தான். "அவன் ஒருதடவை இங்க வந்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தான்" என்றான்.

பிள்ளைகள் கலைந்த பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். விளக்கங்கள் என்ற சொல் வரைக்கும்தான் வந்தேன்.

"போறப்ப அந்த ரைட்டர்தான் சாமான் பதிவேட்டுல கையெழுத்து வாங்கினார். ஃபைல் மேசை மேல திறந்து கிடந்துச்சு. பன்னிரண்டு பேப்பர், ஒரே கையெழுத்து. 'காவலர்'ங்கிற சொல்லுல கடைசி ர்-ஐ நீ ஒரு சுழி சுழிப்ப, எனக்குத் தெரியாதா?" என்றான். குரலில் ஒன்றும் இல்லை, வாய்ப்பாடு திருத்திய அதே குரல்தான்.

ஒளிநகலை நான்காக மடித்து, பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தான். கடைசி பஸ் ஏழரைக்கு என்று எழுந்தான். ஏரிக்கரை வழியாக இருட்டில் என்னோடு நடந்து வந்தான். பஸ் அன்று தாமதம். அது வரும்வரை நின்றான்.